கண்ணாடிக் குழாயில் ஒரு வண்ணக்கோடு

ஓடும் நீரில் இருவகை உண்டு என்பதை மனிதன் தொன்றுதொட்டே அறிந்திருக்கிறான். ஒன்று சலனமின்றிச் சறுக்கிச் செல்லும் நீர். மற்றொன்று நுரைத்துச் சுழித்துப் புரளும் நீர். நீரில் மட்டுமன்று, காற்றிலும் இதைக் காணலாம். ஆலயத்தில் தூபக்கலசத்திலிருந்து எழும் புகையைச் சற்று உற்று நோக்குங்கள். முதலில் அது ஒரே நூலாக நேரே மேலெழும். சிறிது உயரம் சென்றதும், எவரும் தொடாமலே, அந்த நூல் நெளியும். பின் அறுந்து சுருள் சுருளாகக் கலைந்துவிடும். நேராகச் சென்ற புகை ஏன் கலைந்தது? அதற்குள்ளேயே இருந்த ஏதோ ஒன்று கலைத்ததா, அல்லது வெளியிலிருந்து வந்த ஏதோ ஒன்று கலைத்ததா?

இக்கேள்விக்கு அறிவியல் விடை தேடத் தொடங்கி இரு நூற்றாண்டுகள்கூட நிறைவடையவில்லை. நம் பாடநூல்கள் முதல்வகையை வரிச்சீர் ஓட்டம் என்றும், இரண்டாம் வகையைச் சுழற்சி ஓட்டம் என்றும் பெயரிட்டு ஒரு பக்கத்தில் முடித்துவிடுகின்றன. அந்த ஒரு பக்கத்துக்குப் பின்னே நிற்கும் வரலாறு அறியத்தக்கது.

இதனை முதலில் அளந்து பார்த்தவர்களுள் இருவர் குறிப்பிடத்தக்கவர். ஒருவர் ஜெர்மானியப் பொறியாளர் ஹாகன். மற்றவர் பாரீசைச் சேர்ந்த மருத்துவர் புவாசய். இரத்தம் மிக நுண்ணிய நாளங்களில் எவ்வாறு செல்கிறது என்றறிய விரும்பிய புவாசய், மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாய்களில் நீரைச் செலுத்தி அளந்தார். 1839-க்கும் 1846-க்கும் இடையே இவ்விருவரும் தனித்தனியே ஒரே விதியைக் கண்டனர். குழாயின் ஆரம் பாதியாகக் குறைந்தால், அதே அழுத்தத்தில் செல்லும் நீர் பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்பது அவ்விதியின் ஒரு விளைவு. ஆயினும் அகன்ற குழாய்களில் வேகமாக ஓடும் நீர் இவ்விதிக்குக் கட்டுப்படவில்லை. ஓட்டத்தின் இயல்பே ஓரிடத்தில் மாறிவிடுகிறது என்பதை ஹாகன் உணர்ந்தார். எப்போது மாறும் என்று சொல்ல அவரால் இயலவில்லை.

அதைச் சொல்ல வந்தவர் ஆஸ்பார்ன் ரெனால்ட்ஸ். 1842-இல் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் பிறந்தவர். தந்தை ஆங்கிலிக்கத் திருச்சபையின் குரு. கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றவர். இயந்திரங்களில் ஆர்வம் மிக்கவர். குருத்துவப் பணி அக்குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வந்தது. மகனோ முதலில் ஒரு பொறியாளரின் பட்டறையில் தொழில் பழகி, அதன் பின்னரே கேம்பிரிட்ஜ் சென்று கணிதம் கற்றார். 1868-இல், இருபத்தைந்தே வயதில், மான்செஸ்டர் நகரின் ஓவன்ஸ் கல்லூரியில் பொறியியல் பேராசிரியரானார். 1905-இல் ஓய்வு பெறும்வரை அவர் பணியாற்றியது அங்கேதான்.

1883-இல் வெளியான அவருடைய ஆய்வு, எளிமையால் இன்றும் வியப்பூட்டுவது. ஏறத்தாழ ஆறடி நீளமுள்ள ஒரு தொட்டி. அதன் பக்கங்கள் கண்ணாடி. தொட்டிக்குள் படுக்கையாக ஒரு கண்ணாடிக் குழாய். நீர் தடையின்றி நுழையும்பொருட்டு அதன் வாய் எக்காளத்தின் வாயைப்போல விரிந்திருந்தது. தொட்டியை நிரப்பியபின், நீரின் அசைவு முற்றிலும் அடங்கும்வரை மணிக்கணக்கில் காத்திருந்தார். பிறகு ஒரு நீண்ட நெம்புகோலால் அடைப்பை மெல்லத் திறந்து, குழாயின் வாயருகே வண்ணம் ஏற்றிய நீரை மெல்லிய கோடாக விட்டார்.

வேகம் குறைவாக இருந்தபோது அந்த வண்ணக்கோடு குழாயின் கடைசிவரை வளையாமல் சென்றது. வேகத்தைச் சிறிது சிறிதாக அவர் கூட்டினார். ஒரு கட்டத்தில், குழாயின் வாயிலிருந்து சற்றுத் தொலைவில், கோடு திடீரெனக் குலைந்து குழாய் முழுவதும் வண்ணம் பரவியது. மின்பொறியின் கணநேர வெளிச்சத்தில் பார்த்தபோதோ, வெறும் கலங்கலாகத் தோன்றியது தெளிவான சுழல்களின் தொகுதியாகக் காட்சி தந்தது.

இம்மாற்றம் வேகத்தை மட்டும் பொறுத்ததன்று என்று ரெனால்ட்ஸ் காட்டினார். வேகத்தைக் குழாயின் விட்டத்தால் பெருக்கி, நீர்மத்தின் பாகுநிலையையும் அடர்த்தியையும் கணக்கில் கொண்டு வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். நீர் எனினும் எண்ணெய் எனினும், குழாய் சிறிதெனினும் பெரிதெனினும், ஓட்டத்தின் போக்கைத் தீர்மானிப்பது அந்த எண்ணே. ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயில் சாதாரண வெப்பநிலையிலுள்ள நீர் நொடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் சென்றால் அந்த எண் ஏறத்தாழ 1,000. 50 சென்டிமீட்டர் வேகத்தில் சென்றால் 5,000. ஸ்டோக்ஸ் என்ற கணித மேதை இத்தகைய அளவை 1851-லேயே கையாண்டிருந்தார். எனினும் 1908-இல் சாமர்ஃபெல்டு அதற்கு இட்ட ‘ரெனால்ட்ஸ் எண்’ என்ற பெயரே நிலைத்தது.

இதுவரை பாடநூலில் உள்ளதே. பாடநூல் பெரும்பாலும் விட்டுவிடும் செய்தி ஒன்றுண்டு. ரெனால்ட்ஸ் கண்ட எல்லை ஒன்றல்ல, இரண்டு. தொட்டி நீரை நன்கு அடங்கவிட்டுச் சோதித்தபோது, எண் ஏறத்தாழ 13,000 ஆகும்வரை வண்ணக்கோடு குலையவில்லை. கலங்கிய நீரையே ஈயக் குழாய்களில் செலுத்தி அழுத்தத்தை அளந்தபோது, எண் ஏறத்தாழ 2,000-க்குக் கீழே இறங்கியதும் கலக்கம் தானாகவே அடங்கிவிட்டது. அதாவது, 2,000-க்குக் கீழே எவ்வளவு கலக்கினாலும் நீர் மீண்டும் சீராகிவிடும். அதற்கு மேலே, கலக்குவார் இல்லாதவரை சீராகவே ஓடும். போதிய அளவு கலக்கம் நேர்ந்தால் குலைந்துவிடும். அந்த இடைப்பகுதியில் கலக்கம் தொடர்ச்சியாகவும் வரவில்லை. விட்டுவிட்டு, மின்னல் வெட்டுகளைப்போல் தோன்றித் தோன்றி மறைந்தது. பிற்காலத்தில் மிகுந்த கவனத்துடன் செய்த சோதனைகளில், எண் 1,00,000 ஆகும்வரைகூட நீரைச் சீராக ஓடச் செய்திருக்கிறார்கள்.

இவ்வாய்வை அறிஞர் உலகம் மனமுவந்து ஏற்றது. 1888-இல் இலண்டன் ராயல் கழகம் அவருக்குப் பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது. 1895-இல் அவர் எழுதிய அடுத்த கட்டுரைக்கோ அத்தகைய வரவேற்பு இல்லை. சுழற்சி ஓட்டத்தில் ஒவ்வொரு துளியின் பாதையையும் தொடர்வது இயலாது. ஆதலால் சராசரி ஓட்டத்தைத் தனியாகவும், அதன்மேல் எழும் ஏற்ற இறக்கங்களைத் தனியாகவும் பிரித்துக் கணக்கிடலாம் என்றது அக்கட்டுரை. மதிப்பிட்டவர்கள் ஸ்டோக்ஸும், மான்செஸ்டரிலேயே கணிதப் பேராசிரியராயிருந்த லாம்பும். கட்டுரை தெளிவாக இல்லை என்று இருவருமே கருதினர். ஆயினும் ஆசிரியரின் தகுதியை மதித்து அதை வெளியிட இசைந்தனர். புரியாததை ஒதுக்காமல் விட்ட அந்தப் பெருந்தன்மையால் பின்வந்தோர் பயனடைந்தனர். வானூர்தி வடிவமைப்பிலும் வானிலைக் கணிப்பிலும் இன்று பயன்படும் பல கணக்கீடுகள் அக்கட்டுரையை அடித்தளமாகக் கொண்டவை.

சுழற்சி ஓட்டத்தைக் கேடு என்று மட்டும் எண்ணிவிடலாகாது. அது குழாயில் தடையைக் கூட்டுவது உண்மையே. வரிச்சீர் ஓட்டத்தில் வேகம் இரட்டித்தால் தடையும் இரட்டிக்கும். சுழற்சி ஓட்டத்திலோ மூன்று மடங்குக்கும் மேலாகும். இதய வால்வு சுருங்கினால், அதைக் கடக்கும் இரத்தம் சுழன்று எழுப்பும் முணுமுணுப்பை மருத்துவர் தம் கருவியால் கேட்டு நோயை அறிகிறார். ஆனால், ஆற்றுநீரில் காற்று கலந்து மீன்கள் உயிர்வாழ்வதும், ஆலையின் புகை ஓரிடத்திலேயே தேங்காமல் பரவிக் கரைவதும் இந்தச் சுழற்சியால்தான்.

ரெனால்ட்ஸ் 1912-இல் மறைந்தார். அவர் தொடங்கிவைத்த கேள்வி மறையவில்லை. சுழற்சி தன்னைத்தானே நிலைநிறுத்திக்கொள்ளும் எல்லை ஏறத்தாழ 2,040 என்று ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஆய்வு செய்த குழுவினர் 2011-இல்தான் அறிவித்தனர். நீர்ம ஓட்டத்தின் அடிப்படைச் சமன்பாடுகளுக்கு எந்நிலையிலும் சீரான தீர்வு உண்டா என்பதை நிறுவுவோருக்கு, 2000-இல் அமெரிக்காவின் கிளே கணிதக் கழகம் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. அப்பரிசு இன்னும் வழங்கப்படவில்லை.

அந்தப் பழைய தொட்டி மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின், அங்குள்ள ஆய்வாளர்கள் அதே தொட்டியில் அதே சோதனையைச் செய்து படம் பிடித்தனர். இம்முறை வண்ணக்கோடு 13,000 வரை தாங்கவில்லை, முன்னதாகவே குலைந்தது. தொட்டி மாறவில்லை, நீரின் இயல்பும் மாறவில்லை. நகரத் தெருக்களில் ஓடும் வாகனங்களின் அதிர்வே காரணம் என்று கண்டனர். ரெனால்ட்ஸ் சோதனை செய்த நாளில் அத்தெருக்களில் மோட்டார் வண்டிகள் இல்லை.

ஆகவே 13,000 என்பது நீரின் இயல்பைக் குறிக்கும் எண் மட்டுமன்று. அந்த அறையில் அன்று நிலவிய அமைதியின் அளவும் அதில் அடங்கியிருந்தது. புகைநூல் ஏன் கலைகிறது என்ற கேள்விக்கு, அகமும் புறமும் சேர்ந்தே விடையாகின்றன. வேகம் மிகுந்த ஓட்டம் தன்னுள் குலையும் வாய்ப்பைச் சுமந்து செல்கிறது. அது குலைவதும் குலையாததும் சுற்றியுள்ள சிறு அதிர்வுகளைப் பொறுத்தது. நிதானமான ஓட்டத்துக்கோ அந்த அச்சம் இல்லை. அதனை எவர் கலக்கினாலும், சிறிது தொலைவு சென்றதும் அது தன் சீரை மீட்டுக்கொள்கிறது.