பழைய தமிழ்க் கணினிக் கோப்புகளின் மீட்பு

கணினி வட்டிலிருந்து நீக்கப்பட்ட கோப்புகளையும், வட்டு பழுதானதால் திறக்க இயலாமற் போன கோப்புகளையும் திரும்பப் பெறுவது தரவு மீட்பு எனப்படும். பழைய தமிழ்க் கோப்புகளைப் பொறுத்தவரை இதில் இரண்டு படிகள் உண்டு. முதலாவது, வட்டில் உள்ள பைட்டுகளைப் பெறுவது. இரண்டாவது, அந்தப் பைட்டுகள் எந்தத் தமிழ் எழுத்துகளைக் குறித்தன என்று அறிவது. ஒருங்குறி பரவலாவதற்கு முன் தட்டச்சிடப்பட்ட தமிழ் ஆக்கங்கள் பலவும் இந்த இரண்டாம் படியில்தான் தவறிப் போகின்றன.

நீக்கம் என்பது என்ன?

வட்டில் கோப்புகளின் பெயர்களும் இருப்பிடங்களும் ஒரு பட்டியலில் பதியப்படும். தரவு வேறோர் இடத்தில் இருக்கும். டாஸ் இயங்குதளத்தில் ஒரு கோப்பை நீக்கினால், அதன் பெயரின் முதல் எழுத்து இருந்த பைட்டில் ஒரு நீக்கக் குறி இடப்படும். கோப்பு இருந்த இடம் காலியானதாகக் குறிக்கப்படும். உள்ளடக்கம் அப்படியே இருக்கும். வேறு கோப்பு அதன்மேல் எழுதப்பட்டால்தான் அது மறையும்.

பாஞ்சாலங்குறிச்சியின் வரலாறு இதற்கு ஓர் ஒப்புமை தருகிறது. 1801 மே மாதம் கோட்டை வீழ்ந்தபின் கம்பெனி ஆட்சி அதைத் தரைமட்டமாக்கியது. ஊரின் பெயரைப் பதிவேடுகளிலிருந்து நீக்கவும் ஆணையிட்டது. பதிவேட்டில் பெயர் இல்லையென்றாலும் இடம் இருந்தது. கதைப்பாடல்களும் வாய்மொழியாக வாழ்ந்தன. 1974இல் தமிழக அரசு அங்கே நினைவுக்கோட்டை எழுப்பியது.

1982இல் பீட்டர் நார்ட்டன் வெளியிட்ட நார்ட்டன் யுட்டிலிட்டீஸ் தொகுப்பு, நீக்கிய கோப்பை மீட்கும் கருவியைப் பொதுப் பயனர்களுக்குக் கொண்டுவந்தது. 1991இல் வந்த எம்எஸ்-டாஸ் 5.0 பதிப்பிலேயே மீட்புக் கட்டளை சேர்க்கப்பட்டது. அது கோப்புப் பெயரின் முதல் எழுத்தைப் பயனரிடமே கேட்கும். ஏனெனில் பெயரில் அழிந்தது அந்த ஓர் எழுத்துதான்.

கொலம்பியா விண்ணோடத்தின் வன்தட்டு

2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் தரையிறங்கும் வழியில் சிதறியது. கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேரும் உயிரிழந்தனர். அதில் செனான் வாயுவின் பாகுத்தன்மையை ஆராய்ந்த ஒரு சோதனையின் வன்தட்டு, சில மாதங்களுக்குப் பின் டெக்சாஸ் மாநிலத்தில் கிடைத்தது. மின்னணுப் பாகங்கள் கருகியிருந்தன. உள்ளே தூசி புகுந்திருந்தது. அமெரிக்காவின் குரோல் ஆன்ட்ராக் நிறுவனத்தார் உள்ளிருந்த தட்டுகளைத் தூய்மை செய்து வேறு வன்தட்டு உறையில் பொருத்தி, ஏறத்தாழ 99 விழுக்காடு தரவை மீட்டனர். அந்தக் கணினி டாஸில் இயங்கியதால் தரவு பல இடங்களில் சிதறாமல் ஒரே பகுதியில் எழுதப்பட்டிருந்தது; சேதமான பகுதியில் தரவு இல்லை. ஆய்வு முடிவு 2008இல் வெளியானது.

எழுத்துருவின் பூட்டு

கொலம்பியா வன்தட்டில் பைட்டுகள் கிடைத்தவுடன் பொருளும் கிடைத்தது. தமிழ்க் கோப்புக்கு அப்படியில்லை. ஆங்கில எழுத்துகளுக்குப் பொதுவான எண் குறியேற்றம் இருந்தது. தமிழுக்கு அவ்வாறு இல்லாததால் எழுத்துரு உருவாக்கியோர் தத்தம் விருப்பப்படி இடங்களை ஒதுக்கினர். முரசு அஞ்சல், மயிலை, பாமினி முதலியவை வெவ்வேறு முறைகளைப் பின்பற்றின. இலங்கைத் தமிழரிடையே பெரிதும் புழங்கிய பாமினியில், 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ ஆகிய ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகப் பதிவாகும். பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். வட்டும் கோப்பும் நலமாக இருந்தும், கோப்பு கெட்டுவிட்டது என்று கருதிப் பயனரே அதை அழித்துவிடக்கூடும்.

இச்சிக்கலுக்குத் தீர்வு காண 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் தமிழிணைய மாநாடுகள் நடந்தன. சென்னை மாநாட்டையொட்டி டாம், டாப் என்னும் குறியேற்றங்கள் ஏற்கப்பட்டன. இணையத் தமிழர்கள் கூடி வகுத்த திஸ்கியும் பரவியது. 1991 முதல் ஒருங்குறியில் தமிழுக்கு இடம் இருந்தாலும், விண்டோஸ் 2000 வந்த பின்னரே அது பொதுப் புழக்கத்துக்கு வரத் தொடங்கியது. 2010 ஜூனில் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது.

ஒருங்குறிக்கு மாற்றுதல்

பழைய குறியேற்றங்களை ஒருங்குறிக்கு மாற்றப் பொங்குதமிழ், என்எச்எம் மாற்றி போன்ற செயலிகள் உருவாயின. ஓர் எண்ணுக்கு மற்றோர் எண்ணை மாற்றியிடுவது மட்டும் இதற்குப் போதாது. 'கொ' என்பது பழைய முறைகளில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்றாகப் பதிவாகும். ஒருங்குறியில் ககரம் முதலிலும் ஒகரக் குறி அதன் பின்னும் வரும். எனவே வரிசையையும் மாற்ற வேண்டும். ஔகாரக் குறியின் பின்பகுதியும் ளகரமும் ஒரே வடிவில் இருப்பதால், 'கௌரவம்' என்பது ளகரம் புகுந்து 'கெளரவம்' ஆகிவிடுவதும் உண்டு. இத்தகைய பிழைகளை மனிதர் படித்தே திருத்த முடியும்.

1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் இதற்கு நல்ல சான்று. மயிலையிலும் பின்னர் திஸ்கியிலும் வெளியான அதன் மின்னூல்கள் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டதால் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. அவ்வாறு மாற்றப்படாத ஆய்வேடுகள், சிற்றிதழ்கள், ஊர் வரலாறுகள் பழைய நெகிழ்வட்டுகளிலும் குறுந்தட்டுகளிலும் இருக்கக்கூடும்.

கவனிக்க வேண்டியவை

கோப்பு தொலைந்த வட்டில் புதிதாக எதையும் எழுதக்கூடாது. மீட்புச் செயலியையும் அதில் நிறுவக்கூடாது. முதலில் வட்டு முழுவதையும் படியெடுத்து, அந்தப் படியில்தான் மீட்பு முயற்சி செய்ய வேண்டும். எழுதப் பயன்பட்ட எழுத்துருவின் பெயர் தெரிந்தால் மாற்றும் வேலை எளிதாகும். ஆகவே எழுத்துருக் கோப்பையும் சேர்த்துப் பாதுகாக்க வேண்டும். இன்றைய திண்மநிலை வட்டுகள் பலவற்றில், நீக்கிய கோப்பின் இடத்தை வட்டே விரைவில் துடைத்துவிடுவதால், பழைய முறை மீட்பு பெரும்பாலும் பலிப்பதில்லை. பழைய வட்டில் புரியாத எழுத்துகளுடன் ஒரு கோப்பு கிடைத்தால், அதை அழிப்பதற்கு முன் பாமினி, திஸ்கி, டாப் முதலிய முறைகளில் மாற்றிப் பார்க்க வேண்டும்.