மண்ணெண்ணெயும் கிராங் சாவ்ட்டும்

1990 இல் பொருளாதாரத் தடை வந்தபின் யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணினதை எல்லாரும் எழுதியாயிற்று. எஞ்சினுக்குள் நடந்ததை நான் எங்கும் வாசிக்கவில்லை.

எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ஓரத்தால் இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும். பெயாரிங் தேயும், பிறகு அடிச்சத்தம். உதிரிப்பாகங்களுக்கும் தடை. கழற்றின பழசுக்குள் நல்லதைத் தெரிந்துதான் பூட்டவேண்டும்.

எங்கள் ஊர் கராச்சில் கிராங்கின் மேல் மெல்லிய ஈயக் கம்பி வைத்து மூடியை இறுக்குவார்கள். திரும்பக் கழற்றி, நசிந்த கம்பியை மைக்ரோமீற்றரால் அளப்பார்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான் இடைவெளி. கூடினால் ஒயில் அழுத்தம் விழும், குறைந்தால் இறுகிப்போகும். கடைசியில் கிராங்கைக் கையால் சுற்றிப் பார்ப்பது; ஓரிடத்தில் மட்டும் பிடித்தால் வளைவு என்று அர்த்தம். அது கைக்குத்தான் தெரியும்.

பிள்ளைப்பேற்றுக்கு இரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடின மொறிஸ் மைனரும் அப்படிப் பூட்டினதுதான்.