வயது நிர்ணயம்

ஒருவரின் வயதை ஆவணத்தாலோ மருத்துவப் பரிசோதனையாலோ சட்டத்துக்கு ஏற்ப உறுதிசெய்வது வயது நிர்ணயம். குற்றம் சாட்டப்பட்டவர் சிறைக்குப் போவதா கூர்நோக்கு இல்லத்துக்குப் போவதா என்பது பல வழக்குகளில் இதைப் பொறுத்தது.

இங்கிலாந்தின் 1833-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 9 வயது நிரம்பாதவர்களைப் பெரும்பாலான நெசவாலைகளில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. ஆனால் பிறப்புப் பதிவு அங்கே 1837-இல்தான் தொடங்கியது. அதுவரை உயரத்தையும் தோற்றத்தையும் பார்த்தே வயதைச் சொன்னார்கள். வயதுக்கு உயரத்தைவிடப் பற்களே நல்ல சான்று என்று அதே ஆண்டில் எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் மருத்துவர் எழுதினார்.

1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், 7 வயதுக்குட்பட்ட குழந்தை செய்வது குற்றமாகாது என்றது. மனைவியே ஆனாலும் பெண்ணின் இசைவு வயதை அதே சட்டம் 10 என வைத்தது. 1890-இல் கல்கத்தாவில் பூல்மணி தாசி என்ற சிறுமி கணவனின் வன்புணர்வால் இறந்தாள். அவள் 10 வயதைக் கடந்திருந்ததால் வன்புணர்வுக் குற்றம் பொருந்தவில்லை. கணவனுக்குக் கிடைத்தது ஓராண்டுக் கடுங்காவல் மட்டுமே. நெஞ்சைச் சுடும் இத்தீர்ப்புக்குப் பின், கடும் எதிர்ப்பையும் மீறி, 1891-இல் இசைவு வயது 12 ஆனது. இன்று அது 18.

பிறப்புச் சான்று அரிதாக இருந்த காலத்தில், நம் ஊர்ப் பள்ளிகளில் பிள்ளையின் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் 5 வயது. ஆசிரியர் ஒரு தேதியை எழுதிக்கொள்வார். சிறார் நீதிச் சட்டம் (2015) பள்ளிச் சான்றையே முதலில் கேட்கிறது என்பதால் அந்த உத்தேசத் தேதிக்கு இன்றும் பெரும் கனம் உண்டு. அடுத்தது உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லையென்றால்தான் எலும்புப் பரிசோதனை.

அதில் முழங்கை, மணிக்கட்டு, இடுப்பெலும்பு ஆகியவற்றை எக்ஸ்ரே எடுத்து, எலும்பின் முனை தண்டோடு ஒட்டிவிட்டதா என்று பார்க்கிறார்கள். முழங்கை முந்தி ஒட்டும். காறையெலும்பின் உள்முனை இருபது வயதைத் தாண்டியும் ஒட்டாமலிருக்கும். உணவும் உடல்வாகும் இதை முன்பின்னாக்கும். இம்முறையில் இருபுறமும் இரண்டு ஆண்டு பிசகலாம் என 1982-இல் ஜெயமாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. சட்டமோ 18 வயதுக்கு ஒரு நாள் குறைந்தாலும் சிறார் என்கிறது. ஆகவே மருத்துவர் ஒற்றை எண்ணைச் சொல்வதைவிட ஒரு வரம்பைச் சொல்வதே நேர்மை. குற்றம் நடந்த நாளில் இருந்த வயதே கணக்கு என 2005-இல் அரசியல் சாசன அமர்வு தெளிவுபடுத்தியது.

1994-இல் புனேயில் நடந்த கொலைகளுக்காக மரண தண்டனை பெற்ற ஒருவருக்குச் சம்பவத்தின்போது வயது 12 மட்டுமே என்று ராஜஸ்தானின் ஒரு பள்ளிப் பதிவேடு காட்டியது. உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் விடுதலை செய்தபோது அவர் 28 ஆண்டுகளைச் சிறையில் கழித்திருந்தார்.

2023 அக்டோபர் 1 முதல் பிறப்பவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழே பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல் முதலியவற்றுக்கு வயதுச் சான்று. அதற்கு முன் பிறந்தோரில் பதிவு இல்லாதவர்களுக்குப் பழைய வழிகளே தொடர்கின்றன.