குப்பை செல்லும் தொலைவு: ஆலப்புழை நகராட்சியின் இயக்கமும் நகரம் என்பதன் எல்லையும்

2017ஆம் ஆண்டு ஆலப்புழை நகரத்துக்கு ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டு மதிப்பீடுகள் கிடைத்தன. நடுவண் அரசின் தூய்மைக் கணக்கெடுப்பு 434 நகரங்களுக்குத் தரவரிசை வகுத்தபோது ஆலப்புழைக்கு 380ஆம் இடம் தந்தது. அதே ஆண்டின் இறுதியில் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம், திடக்கழிவைச் சிறப்பாகக் கையாளும் 5 நகரங்களை உலகுக்கு எடுத்துக்காட்டியது. ஒசாகா, லியூப்லியானா, பினாங்கு, கொலம்பியாவின் கஹிக்கா ஆகியவற்றோடு ஆலப்புழையும் அந்தப் பட்டியலில் இருந்தது. இரண்டில் ஒன்று பிழை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் இவை அளந்த பொருள்களே வேறு. வீடுவீடாகக் குப்பையைச் சேகரிப்பதற்கும் வண்டியேற்றிக் கொண்டுசெல்வதற்கும் தூய்மைக் கணக்கெடுப்பு கணிசமான மதிப்பெண் வைத்திருந்தது. குப்பையைக் கொண்டுசெல்லவே வேண்டாத நிலையை உருவாக்க முயன்ற ஒரு நகரத்தை அந்த அளவுகோலால் காண இயலவில்லை. ஒரு நகரத்தின் வளர்ச்சி நீடித்த தன்மை உடையதா என்பதற்கு அதன் தெருக்கள் எவ்வளவு பளிச்சென்றிருக்கின்றன என்பது தக்க சான்றாகாது. அந்நகரத்தின் கழிவு எவ்வளவு தொலைவு செல்கிறது, யாருடைய நிலத்தில் போய் இறங்குகிறது என்பதே சான்று. ஆலப்புழையின் அனுபவம் இந்த அளவுகோலுக்கு வலுவான ஆதாரம் தருகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஆலப்புழை 18ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் அரசு துறைமுகமாக வளர்த்தெடுத்த ஊர். கடலுக்கும் காயலுக்கும் இடையிலுள்ள தாழ்ந்த மணற்பரப்பில், கால்வாய்களைத் தெருக்களாகக் கொண்டு எழுந்தது. நிலத்தடி நீர் கையெட்டும் ஆழத்தில் நிற்கும் இத்தகைய மண்ணில் குழிதோண்டிக் குப்பையைப் புதைப்பது கிணற்றிலேயே கொட்டுவதற்கு ஒப்பாகும். 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 1,74,000 மக்கள் வாழ்ந்த இந்நகரம், தன் குப்பையை எல்லைக்கு வெளியே, மாராரிக்குளம் தெற்கு ஊராட்சியைச் சேர்ந்த சர்வோதயபுரத்துக்கு நெடுங்காலம் அனுப்பிவந்தது. துர்நாற்றமும் ஈக்களும் கெட்டுப்போன நீரும் அவ்வூர் மக்களின் அன்றாட வாழ்வாயின. 2012இல் அவர்கள் லாரிகளை மறித்தனர். நகரத்தின் குப்பை நகரத்துக்குள்ளேயே தேங்கியது, கால்வாய்கள் அடைத்துக்கொண்டன. அடுத்து நடந்தவற்றை நகராட்சியின் முன்முயற்சி என்று மட்டும் பதிவுசெய்வது வரலாற்றுக்கு நியாயமாகாது. இந்த இயக்கத்துக்கு அடிப்படையிட்டவர்கள் நகரத்தின் வாக்காளர்களாகவே இல்லாத சர்வோதயபுரத்துக் கிராமத்தவர்கள்.

நகராட்சி 2012 நவம்பரில் ‘நிர்மல பவனம், நிர்மல நகரம்’ என்ற இயக்கத்தைத் தொடங்கியது. அப்போது சட்டமன்ற உறுப்பினராக இருந்த பொருளியலாளர் தாமஸ் ஐசக் அதன் முன்னணியில் நின்றார். 52 வார்டுகளிலும் ஒரே நாளில் ஆணையிடாமல், முதலில் 12 வார்டுகளில் செய்துபார்த்தார்கள். மட்கும் கழிவு அது உண்டான வீட்டிலேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற வேண்டும் என்பது கொள்கை. அதற்கான கருவிகளும் எளியவை. மண்ணில் செங்குத்தாக நட்ட இரண்டு பிளாஸ்டிக் குழாய்களில் மாற்றி மாற்றி இடுவது குழாய் உரமுறை. கொஞ்சம் இடமுள்ள வீட்டுக்குச் சிறிய பயோகேஸ் கலன். இரண்டுக்கும் செலவின் பெரும்பகுதியை மானியமாகத் தந்தார்கள். கொல்லைப்புறமே இல்லாத வீடுகளுக்கும் கடைகளுக்கும் பொது இடங்களில் தும்பூர்முழி வகை உரத்தொட்டிகளை அமைத்தார்கள். காற்று புகும் அந்தத் தொட்டியில் உலர்ந்த இலையும் சமையற்கழிவும் அடுக்கடுக்காக இடப்பட்டு, ஏறத்தாழ மூன்று மாதங்களில் உரமாகின்றன. திருச்சூர் மாவட்டத்துக் கால்நடைப் பண்ணை ஒன்றில் உருவான இத்தொழில்நுட்பத்தை நகரத் தெருவுக்குப் பொருத்தியதே ஒரு சாதனை என்பேன். முன்பு குப்பை வீசப்பட்ட தெருமுனைகளிலேயே இத்தொட்டிகள் நின்றன. அவற்றைச் சுற்றிச் சுவரோவியங்களும் செடிகளும் வந்தன. குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களும் பள்ளி மாணவர்களும் வீடு வீடாகச் சென்று பேசினார்கள்.

இத்தனை நடந்தும், மாற்றத்தின் உட்கரு கருவிகளில் இல்லை. குழாயும் கலனும் அதற்கு முன்பும் கிடைத்தவைதாம். அவற்றுக்குத் தேவை உண்டாகாமல் தடுத்தது தொலைவு. நகரத்தான் தன் கழிவைக் கண்ணுக்கு எட்டாத இடத்துக்கு அனுப்ப முடிகிறவரை, அதைப் பிரித்து வைக்கும் உழைப்பு அவனுக்கு வீண்வேலையாகவே தோன்றும். இந்தத் தொலைவு இலவசமாக வந்ததும் இல்லை. நிலமதிப்புச் சரிவாக, மருத்துவச் செலவாக, குடிநீர் வாங்கும் காசாக அதன் விலையைப் பக்கத்து ஊர் கட்டிக்கொண்டிருந்தது. நகராட்சியின் வரவுசெலவுக் கணக்கில் இடம்பெறாத இந்த மானியத்தைச் சர்வோதயபுரம் நிறுத்தியபோதுதான், வீட்டுக்கொல்லையில் உரமாக்குவது நகரத்துக்கு மலிவான வழியாகத் தெரிந்தது. அரசியலமைப்பின் 74ஆம் திருத்தம் சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணை, நகராட்சிக்கு உரிய 18 பணிகளில் திடக்கழிவு மேலாண்மையையும் வைத்திருக்கிறது. அந்தப் பணியை எந்த எல்லைக்குள் முடிக்க வேண்டும் என்பது பற்றி அட்டவணை பேசவில்லை. அந்த எல்லையை வகுத்தது ஓர் ஊராட்சியின் மறுப்பு.

மறுப்பு மட்டுமே போதும் என்றால், குப்பைக் கிடங்கை இழந்த ஒவ்வொரு நகரமும் ஆலப்புழையாகியிருக்க வேண்டுமே என்ற கேள்வி நியாயமானது. திருவனந்தபுரத்தின் குப்பையை ஏற்றுவந்த விளப்பில்சாலை ஆலை 2011 டிசம்பரில் ஊராட்சியால் பூட்டப்பட்டது. தலைநகரமும் அதன்பின் உரத்தொட்டிகளையும் வீட்டு உரமுறையையும் கையாண்டது. அம்முயற்சிகளுக்குப் பாராட்டும் உண்டு. ஆனாலும் கழிவின் ஒரு பகுதி வாய்க்கால்களுக்குள் நுழைந்தது. 2024 ஜூலையில் அந்நகரத்தின் ஆமையிழஞ்சான் வாய்க்காலில் குப்பையை அகற்ற இறங்கிய தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். ஓரிடம் அடைபட்டால் கழிவு வேறு வழி தேடும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை. மறுப்பு தவிர்க்க முடியாத முன்நிபந்தனை, ஆயினும் அது தானாகவே விளைவைத் தந்துவிடாது. இடையில் வேறொன்று தேவைப்படுகிறது. குப்பை அள்ளும் நிறுவனமாக இருந்த நகராட்சி, குடும்பங்களோடு உடன்பாடு பேசும் மன்றமாக மாற வேண்டியிருக்கிறது. ஆலப்புழைக்கு அந்தப் பயிற்சி முன்பே இருந்தது. 1996 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்து, முன்னுரிமைகளைக் கூட்டம் கூடி முடிவுசெய்யும் பழக்கத்தைக் கேரளத்தில் வளர்த்திருந்தது. அதற்கும் முன்னதாக, 1920கள் முதல் கயிற்றுத் தொழிலாளர்கள் சங்கம் அமைத்துப் போராடிய நகரம் இது. வீட்டுவாசலில் நின்று வாதம் செய்வது அங்கு அரசியலின் இயல்பான வடிவம்.

என் வாதத்துக்கு எதிரான இரண்டாவது மறுப்பு அளவைப் பற்றியது. இரண்டு இலட்சத்துக்கும் குறைவான மக்களும் தோட்டம் சூழ்ந்த வீடுகளும் உள்ள ஊரில் நடந்தது, அடுக்குமாடிகள் நெருங்கிய பெருநகரத்தில் நடக்குமா? பெருநகரத்துக்குப் பெரிய ஆலையே தீர்வு என்போர் கொச்சியைப் பார்க்க வேண்டும். கடம்பிரயாற்றங்கரையில், பிரம்மபுரத்தில் அந்நகரம் குவித்த குப்பைமலையில் 2023 மார்ச் 2 அன்று தீப்பற்றியது. பத்து நாளுக்கு மேல் புகை நகரத்தை மூடியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. தொலைவுக்கு அனுப்பிய கழிவு காற்றாகத் திரும்பி வந்தது. அளவு என்பது கூட்டித்தான் பெரிதாகிறது; கொச்சியும் வார்டுகளின் தொகுதிதான். இடமில்லாத அடுக்குமாடிக்குக் குழாய் உரம் பொருந்தாது என்பது உண்மை. ஆனால் அங்கே கழிவை ஓரிடத்தில் திரட்டுவதும் ஒரே நிர்வாகத்தின் பொறுப்பில் வைப்பதும் தனிவீடுகளைவிட எளிது. அளவு தடையாகும் இடம் வேறு: 3 இலட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை கொண்ட நகராட்சிகளில் வார்டுக் குழுக்கள் வேண்டும் என்று 74ஆம் திருத்தம் விதித்தும், பல மாநிலங்கள் அவற்றை நெடுங்காலம் தாளிலேயே வைத்திருந்தன. பேசுவதற்கு மன்றம் இல்லாத நகரத்தில் அள்ளுவதற்கு லாரி மட்டுமே மிஞ்சுகிறது.

இவற்றைவிடக் கடுமையான மறுப்பு உழைப்பு பற்றியது. இதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. வீட்டிலேயே உரமாக்குவது என்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் வேலைப்பட்டியலில் இன்னொன்றைச் சேர்ப்பது. மட்காத கழிவை மாதந்தோறும் வாங்கிச் செல்லும் ஹரித கர்ம சேனையிலும் பெண்களே நிறைந்திருக்கிறார்கள். வீடுகள் தரும் பயனர் கட்டணத்தையே அவர்களின் வருவாய் பெரிதும் நம்பியிருக்கிறது. கட்டணம் தர மறுக்கும் வீட்டின் முன் நிற்பவளும் அவளே. சர்வோதயபுரம் சுமந்ததை இப்போது பெண்கள் சுமக்கிறார்கள் என்றால், கழிவு கடக்கும் தொலைவு குறைந்தது, அநீதி இடம் மாறியது என்றாகிவிடும். ஆயினும் ஒரு வேறுபாட்டைக் காண வேண்டும். சர்வோதயபுரத்தார்க்கு நகர்மன்றத்தில் குரலே இல்லை. குடும்பஸ்ரீ உறுப்பினர் அந்நகரத்தின் வாக்காளர். உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட மாநிலத்தில் அவரே நகர்மன்ற உறுப்பினராகவும் ஆகலாம். சுமை கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு, கூலி கேட்கக்கூடிய இடத்துக்கு வந்திருக்கிறது. அந்தக் கூலியைக் கட்டணத்தின் தயவில் விடாமல் நகராட்சி நிதியிலிருந்து நிலையான ஊதியமாக்குவது இயக்கத்தின் முடிக்கப்படாத கடமை. அதுவரை இதை வெற்றி என்று எழுதுவதில் எனக்குத் தயக்கம் உண்டு.

மட்கும் கழிவு வீட்டில் நின்றாலும் எஞ்சியது எங்கோ போகத்தான் செய்கிறது என்பது இறுதி மறுப்பு. 2024 டிசம்பரில் கேரள மருத்துவக் கழிவு திருநெல்வேலி மாவட்டத்துச் சிற்றூர்களில் கொட்டப்பட்டுக் கிடந்தது. பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பின்னரே அது லாரிகளில் திரும்பிச் சென்றது. பரவலாக்கம் வீட்டுச் சமையலறையை எட்டியது. நிறுவனங்களின் கழிவை அந்த அளவுக்கு எட்டவில்லை. சர்வோதயபுரத்தின் இடத்தில் இம்முறை மாநில எல்லை தாண்டிய தமிழ் ஊர்கள் இருந்தன. தூய்மைக்குப் பேர்போன மாநிலத்தின் கணக்கில் இந்த ஊர்களையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று இக்கட்டுரை தொடக்கத்தில் வைத்த அளவுகோல் கோருகிறது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள், நிலநிரப்பிடம் குடியிருப்பிலிருந்து 200 மீட்டர், ஆற்றிலிருந்து 100 மீட்டர் என்று தொலைவை மீட்டரில் வகுத்தன. ஆலப்புழை காட்டும் வழியில் சிந்தித்தால், ஒரு நகரத்தின் கழிவு அதன் எல்லையைத் தாண்டும்போது, அதைப் பெறும் ஊரின் கிராமசபை இசைவு தரவேண்டும் என்பதும் அந்த இசைவைத் திரும்பப் பெறும் உரிமை அதற்கு உண்டு என்பதும் சட்டமாக வேண்டும். 2012இல் சாலையில் நின்று லாரியை மறித்தவர்கள் உடலால் நிலைநாட்டிய உரிமை அதுதான்.