விரிசலைக் கணக்கிடக் கற்ற வரலாறு: முறிவு இயக்கவியலில் சோதனையும் கணினியும்

விரிசல் விட்ட பொருள் எவ்வளவு சுமை தாங்கும், அந்த விரிசல் எப்போது வளரத் தொடங்கும், எவ்வளவு வேகத்தில் வளரும் என்று கணக்கிடும் துறை முறிவு இயக்கவியல். பொறியியலின் மற்றக் கிளைகளோடு ஒப்பிட்டால் இது இளைய துறை. 19ஆம் நூற்றாண்டின் இறுதி வரை வலிமைக் கணக்குகள் குறையற்ற பொருளை மனத்தில் வைத்தே போடப்பட்டன. ஓர் இரும்புத் தண்டு எவ்வளவு இழுவிசையில் அறுகிறது என்று பார்த்து, அதில் நான்கிலோ ஐந்திலோ ஒரு பங்கை மட்டும் சுமத்தினால் போதும் என்பது வழக்கம். எந்த உண்மையான பொருளும் குறையற்றதல்ல என்பதை ஒப்புக்கொண்டு, அந்தக் குறையின் அளவையே கணக்கின் மையத்தில் வைத்ததுதான் அடுத்த நூற்றாண்டின் பெரிய மாற்றம். அந்த மாற்றம் ஏட்டில் தொடங்கவில்லை. உடைந்த அச்சும், பிளந்த கப்பலும், சிதறிய விமானமும் அதைக் கட்டாயப்படுத்தின.

1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு ஒன்று முறிந்தது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பிடித்தன. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த அச்சு அதுவரை அதே சுமையைச் சிக்கலின்றித் தாங்கி வந்தது என்பதுதான் பொறியாளர்களைக் குழப்பியது. பிரஷ்ய ரயில்வேயில் பணியாற்றிய ஆகஸ்ட் வோலர், 1850களிலும் 60களிலும் இதற்கு முறையான சோதனை வழியில் விடை தேடினார். அச்சைச் சுழலவிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் இழுவிசையும் அமுக்கமும் மாறி மாறி ஏற்படும்படி ஓர் இயந்திரம் அமைத்தார். ஒருமுறை சுமத்தினால் உடைக்காத விசை, லட்சக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வந்தால் உடைக்கும் என்றும், உச்சத் தகைவைவிடத் தகைவின் ஏற்றத்தாழ்வே ஆயுளைத் தீர்மானிக்கிறது என்றும் அவர் காட்டினார். உலோக அயர்ச்சியின் அடிப்படை இது. ஆனால் அச்சுக்குள் என்ன நடக்கிறது என்ற கேள்வி அப்படியே இருந்தது. அந்த முடிவுகளைக் குறிக்கும் வோலர் வளைகோடு எத்தனை சுற்றில் உடையும் என்று சொன்னது. எது வளர்ந்து உடைத்தது என்று சொல்லவில்லை.

கணிதம் வேறொரு பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தது. தகட்டில் வட்டத் துளை இருந்தால் அதன் ஓரத்தில் தகைவு மூன்று மடங்காகும் என்று 1898இல் கிர்ஷ் கணக்கிட்டார். கேம்பிரிட்ஜின் சார்லஸ் இங்லிஸ் 1913இல் அதை நீள்வட்டத் துளைக்கு விரித்தார். துளை எவ்வளவு ஒடுங்கி நீள்கிறதோ அவ்வளவுக்கு அதன் முனையில் தகைவு குவிகிறது. இங்கேதான் முரண்பாடு எழுந்தது. நீள்வட்டத்தை முழுதும் ஒடுக்கி விரிசலாக்கினால் முனைத் தகைவு முடிவிலியாகிவிடும். அப்படியானால் மிகச் சிறிய சுமையிலேயே அந்தத் தகடு உடைய வேண்டும். மேலும், இங்லிஸ் கணக்கில் துளையின் வடிவம் மட்டுமே முக்கியம். ஒரு மில்லிமீட்டர் கீறலும் ஒரு மீட்டர் பிளவும் ஒரே வடிவில் இருந்தால் ஒரே விளைவைத் தர வேண்டும். நீண்ட கீறலே ஆபத்தானது என்பதைப் பட்டறையில் உள்ள எவரும் அறிவர்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் விமான ஆய்வுக் கூடத்தில் இருந்த ஏ. ஏ. கிரிஃபித். கணிப்பொறி இல்லாத அந்தக் காலத்திலேயே அவரும் ஜி. ஐ. டெய்லரும் 1917இல் சோப்புப் படலத்தைக் கணிப்பானாகப் பயன்படுத்தியிருந்தார்கள். முறுக்கப்பட்ட தண்டின் தகைவுக்கான சமன்பாடும், தண்டின் குறுக்குவெட்டு வடிவத் துளைமேல் சற்றே உப்பிய சோப்புப் படலத்தின் சமன்பாடும் ஒன்றே. படலத்தின் சரிவை அளந்தால் தகைவு கிடைத்துவிடும். சோதனையும் கணிப்பும் ஒரே மேசையில் நடந்த நல்ல உதாரணம் அது.

1920இல் எழுதி 1921இல் வெளியான கட்டுரையில் கிரிஃபித் தகைவை விட்டுவிட்டு ஆற்றலைக் கணக்கெடுத்தார். இழுத்து வைத்த தகட்டில் மீட்சி ஆற்றல் சேமிக்கப்பட்டிருக்கிறது. விரிசல் நீண்டால் அதில் ஒரு பகுதி விடுபடுகிறது. ஆனால் புதிதாக இரண்டு பரப்புகளை உருவாக்க ஆற்றல் செலவாகிறது. வரவு விரிசல் நீளத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது, செலவோ நீளத்துக்கு ஏற்பத்தான் கூடுகிறது. எனவே ஒரு குறிப்பிட்ட நீளம் வரை விரிசல் அடங்கியிருக்கும். அதைத் தாண்டினால் தானாகவே ஓடும். தையல்காரர் துணியின் ஓரத்தில் கத்தரியால் ஒரு வெட்டுப் போட்டுவிட்டுக் கிழிப்பதில் உள்ள சூட்சுமமும் இதுவே.

கோட்பாட்டைச் சோதிக்க அவர் எடுத்தது கண்ணாடி. கண்ணாடிக் குழாய்களிலும் குமிழ்களிலும் விரிசல் உண்டாக்கி, எஞ்சிய தகைவு நீங்க 450 டிகிரி செல்சியசில் பதப்படுத்தி, உள்ளே நீரழுத்தம் ஏற்றி வெடிக்கச் செய்தார். குமிழ்களில் விரிசல் நீளம் ஏறத்தாழ 4 மில்லிமீட்டரிலிருந்து 23 மில்லிமீட்டருக்கு நீண்டபோது, வெடிக்கும் தகைவு சுமார் 6 மெகாபாஸ்கலிலிருந்து 2.5க்கு இறங்கியது. தகைவை விரிசல் நீளத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கினாலோ, விடை எல்லாக் குமிழிலும் ஏறத்தாழ ஒன்றாகவே வந்தது. அடுத்து மெல்லிய கண்ணாடி இழைகளை இழுத்துப் பார்த்தார். ஒரு மில்லிமீட்டர் தடிமனில் 170 மெகாபாஸ்கல் தாங்கிய கண்ணாடி, மில்லிமீட்டரில் முந்நூறில் ஒரு பங்கு தடிமனில் 3,400 மெகாபாஸ்கல் தாங்கியது. இழை மெலியும்போது பெரிய குறைகளுக்கு இடமில்லாமல் போகிறது என்பதே அவர் தந்த விளக்கம். இன்றைய கண்ணாடியிழை, கார்பன் இழைப் பொருள்களின் நியாயம் அந்த எண்களிலேயே இருக்கிறது.

ஆயினும் உலோகப் பொறியாளர்கள் அதைக் கண்ணாடிக்கு மட்டும் பொருந்தும் கணக்காகப் பார்த்தார்கள். எஃகு உடைவதற்கு முன் முனையில் நீண்டு இளகுகிறது. பரப்பு ஆற்றலை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் விடை பலமடங்கு தவறும். அடுத்த இருபது ஆண்டுகள் இந்தத் துறையில் பெரிய அசைவு இல்லை.

அசைவைக் கொண்டுவந்தது இரண்டாம் உலகப் போர். அமெரிக்கா 2,700க்கும் மேற்பட்ட லிபர்ட்டி சரக்குக் கப்பல்களை ரிவெட் அடித்து அல்ல, பற்றவைத்துக் கட்டியது. வேகம் கிடைத்தது. ஆனால் ரிவெட் போட்ட உடலில் விரிசல் ஒரு தகட்டின் விளிம்போடு நின்றுவிடும். பற்றவைத்த உடலோ ஒரே தகடு, விரிசலைத் தடுக்க எதுவும் இல்லை. 1943 ஜனவரி 16 அன்று ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில், கடலோட்டச் சோதனையை முடித்துவிட்டு அசையாத நீரில் கட்டி நிறுத்தப்பட்டிருந்த ஸ்கெனெக்டடி என்ற எண்ணெய்க் கப்பல் பேரொலியோடு நடுவே பிளந்தது. மேல்தளமும் இரு பக்கங்களும் முழுதாக அறுந்து, அடித்தகடு மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. புயலும் இல்லை, அலையும் இல்லை. இதுபோன்ற கப்பல் முறிவுகளை ஆராய்ந்த கேம்பிரிட்ஜின் கான்ஸ்டன்ஸ் டிப்பர், பற்றவைப்பை மட்டும் குறைசொல்வது சரியல்ல, அந்த எஃகே குளிரில் நொறுங்கும் தன்மைக்கு மாறுகிறது என்று காட்டினார். சரக்கறைத் திறப்புகளின் சதுர மூலைகள் விரிசலுக்குத் தொடக்கம் தந்தன. குளிர்ந்த எஃகு அதை ஓடவிட்டது.

வாஷிங்டனில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தின் ஜார்ஜ் இர்வின் இங்கிருந்து கிரிஃபித்துக்குத் திரும்பினார். பரப்பு ஆற்றலோடு, முனையில் உலோகம் இளகுவதற்குச் செலவாகும் ஆற்றலையும் சேர்த்தால் கிரிஃபித் கணக்கு உலோகத்துக்கும் செல்லும் என்று 1940களின் இறுதியில் அவரும், தனியாக ஒரோவானும் காட்டினர். 1957இல் இர்வின் எடுத்த அடுத்த அடி அதைவிடப் பெரிது. எந்த வடிவப் பொருளாயினும், விரிசல் முனைக்கு அருகே தகைவு ஒரே பாணியில்தான் பரவுகிறது. அதன் வீச்சை ஒரேயோர் எண்ணால் குறித்துவிடலாம். தகைவுச் செறிவு எண் என்னும் அது பொருளுக்கே உரிய எல்லையைத் தொடும்போது விரிசல் ஓடும். அந்த எல்லை முறிவுத் திண்மை எனப்படும். மெகாபாஸ்கல்–வர்க்கமூல மீட்டர் அலகில் ஜன்னல் கண்ணாடிக்கு அது ஒன்றுக்கும் குறைவு. வலிமை மிக்க விமான அலுமினியத்துக்கு 30ஐ ஒட்டி. நல்ல கட்டுமான எஃகுக்கு 100ஐத் தாண்டும். ஆய்வகத்தில் ஒரு சிறு துண்டில் அளந்த எண்ணைக் கொண்டு கப்பலின் கதியைச் சொல்ல முடிந்தது. முறிவு இயக்கவியல் துறையாக நிலைபெற்றது இந்த ஓர் எண்ணால்தான்.

இதற்கிடையே ஃபார்ன்பரோவில் இன்னொரு பாடம் நடந்தது. உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான காமெட், 1954 ஜனவரியில் எல்பா தீவருகேயும் ஏப்ரலில் நேப்பிள்சுக்கு அருகேயும் நடுவானில் சிதறியது. ஆய்வுக் கூடத்தினர் ஒரு முழு விமானத்தின் உடலை நீர்த்தொட்டிக்குள் இறக்கி, உள்ளேயும் நீர் நிரப்பி, ஒவ்வொரு பயணத்திலும் ஏற்படும் அழுத்தத்தைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கினார்கள். காற்றைவிட நீர் மிகக் குறைவாகவே அமுங்குவதால், பிளந்தாலும் வெடிக்காது, சான்று அழியாது. உண்மையில் பறந்த 1,221 பயணங்களோடு தொட்டியில் 1,836 சேர்ந்து, 3,057ஆவது சுற்றில் உடல் திறப்பு ஒன்றின் மூலையிலிருந்து கிழிந்தது.

விமானத்தைக் கட்டியவர்கள் சோதிக்காமல் விடவில்லை என்பதுதான் இதில் மிகவும் கவனிக்க வேண்டியது. அவர்களுடைய மாதிரிப் பகுதி 16,000க்கும் மேற்பட்ட சுற்றுகளைத் தாங்கியிருந்தது. ஆனால் அயர்ச்சிச் சோதனைக்கு முன்பு அதே பகுதியில் பறக்கும் அழுத்தத்தின் இருமடங்கு ஏற்றப்பட்டிருந்தது. அந்த மிகைச்சுமையில் மூலைகளில் உலோகம் சற்றே இளகி, சுமை நீங்கியதும் அங்கே அமுக்கம் எஞ்சியது. பின்னர் விரிசல் வளர்வதை அது தடுத்துக்கொண்டிருந்தது. பயணிகளைச் சுமந்த விமானங்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. மூலையில் நிலவிய தகைவு உலோகத்தின் இறுதி வலிமையில் ஏறத்தாழ 70 விழுக்காடு எனப் பின்னர் தெரிந்தது. அக்காலக் கணக்கு முறைகளால் அந்த உச்சத்தைப் பிடிக்க இயலவில்லை.

விரிசலின் வளர்ச்சியையே சுற்றுக்குச் சுற்றுக் கணக்கிடும் வழியை பால் பாரிஸ் முன்வைத்தார். ஒரு சுற்றில் விரிசல் நீளும் தூரம், தகைவுச் செறிவு எண்ணின் ஏற்றத்தாழ்வை ஓர் அடுக்குக்கு உயர்த்தினால் கிடைக்கும் மதிப்புக்கு விகிதமானது என்றார். முன்னணி ஆய்விதழ்கள் ஏற்க மறுத்ததால் 1961இல் அது வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சிறு இதழில் வெளியாயிற்று. 1963இல் எர்டோகனுடன் எழுதிய கட்டுரையே பரவியது. அதில் அடுக்கு நான்கு. தகைவு இருமடங்கானால் விரிசல் பதினாறு மடங்கு வேகமாக வளரும். 1969 டிசம்பரில் அமெரிக்க எஃப்-111 விமானம் ஒன்று, நூறு மணி நேரப் பறப்பைச் சற்றே தாண்டிய நிலையில் இறக்கை முறிந்து விழுந்தது. இறக்கைச் சுழல்மையத்தின் உயர்வலிமை எஃகுப் பாகத்தில் உற்பத்தியின்போதே இருந்த, இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் நீண்ட விரிசல் காரணம். விரிசல் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வடிவமைக்க வேண்டும் என்ற விதியை அமெரிக்க விமானப்படை 1974இல் ஏற்றுக்கொண்டது.

கணினிக் கணக்கும் இதே காலத்தில் விரிசலை எட்டியது. 1956இல் டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் ஆகியோர் போயிங் விமான இறக்கைகளுக்காக எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த முடிவுறு உறுப்பு முறைக்கு, ரே கிளஃப் 1960இல் பெயரிட்டார். பொருளைச் சிறு முக்கோண உறுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் விறைப்பையும் கூட்டிப் பெரிய சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்ப்பது அதன் வழி. விமானத்துக்கு வெளியே அதன் முதல் பெரிய வேலைகளில் ஒன்று, ஆர்க்கன்சாவின் நார்ஃபோர்க் அணை. அந்தக் கான்கிரீட் அணையின் உடலில் வெப்பநிலை மாற்றத்தால் செங்குத்தான விரிசல் விழுந்திருந்தது. கிளஃபும் வில்சனும் விரிசலோடு சேர்த்தே அணையின் தகைவைக் கணக்கிட்டு 1962இல் வெளியிட்டனர்.

ஆனால் விரிசல் முனையில் தகைவு முடிவிலிக்கு ஏறுகிறது. சாதாரண உறுப்புகள் அதைக் காட்டத் தவறின. இரண்டு வழிகள் கிடைத்தன. முதலாவது ஜேம்ஸ் ரைஸ் 1968இல் தந்த ஜே-தொகையீடு. சேரபானோவும் சோவியத் நாட்டில் 1967இலேயே இதே கருத்தை அடைந்திருந்தார். முனையைச் சுற்றி எந்தப் பாதையில் கூட்டினாலும் விடை ஒன்றே என்பதால், முனையை விட்டு விலகி, கணினியின் விடை நம்பத்தக்க இடத்தில் கூட்டினால் போதும். இளகும் உலோகத்துக்கும் அது பொருந்தியதால் அணு உலை அழுத்தக் கலன்களின் கணக்குகளில் இடம்பிடித்தது. இரண்டாவது வழி எளிமையால் வியக்கவைப்பது. உறுப்பின் பக்க நடுவில் இருக்கும் புள்ளியை முனையை நோக்கிக் கால்பங்குத் தொலைவுக்கு நகர்த்தினால், சரியான பாணியில் தகைவு தானாகவே ஏறுகிறது. 1975, 76இல் பிரிட்டனில் ஹென்ஷெலும் ஷாவும், அமெரிக்காவில் பார்சூமும் இதைத் தனித்தனியே கண்டனர். மென்பொருளில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

விரிசல் நகர்ந்தால் உறுப்புகளின் வலையையும் மாற்றியமைக்க வேண்டும் என்ற தொல்லை எஞ்சியது. 1999இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பெலிட்ச்கோ குழுவினர், உறுப்புக்கு உள்ளேயே வெட்டை அனுமதிக்கும் நீட்டிக்கப்பட்ட முறையை அமைத்தனர். அதற்கு ஓராண்டு முன்பே பிரான்சில் ஃப்ராங்ஃபோர்ட்டும் மாரிகோவும் கிரிஃபித்தின் ஆற்றல் வரவுசெலவையே குறைமதிப்புத் தேடும் கணக்காக மாற்றியிருந்தனர்; 2000இல் போர்டானோடு சேர்ந்து அதைக் கணினிக்கு ஏற்றதாக்கினர். விரிசல் எங்கே கிளைக்கும் என்பதையும் கணக்கே முடிவு செய்தது. சோதனைப் பக்கத்தில், மேற்பரப்பில் புள்ளிகள் தெளித்துப் படமெடுத்து, படங்களை ஒப்பிட்டுத் திரிபை அளக்கும் முறை 1980களில் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் வளர்ந்தது. கணினியின் படத்தையும் சோதனையின் படத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பது அதனால் எளிதாயிற்று.

அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகம் 2012இல் இந்தக் கருவிகளையெல்லாம் ஒரு வெளிப்படையான தேர்வுக்கு உட்படுத்தியது. காடியும் சில துளைகளும் கொண்ட எஃகுத் துண்டின் வரைபடமும் அந்த எஃகின் சோதனைத் தரவுகளும் பல குழுக்களுக்கு அனுப்பப்பட்டன. விரிசல் எந்தத் துளைகளின் வழியே, எந்தச் சுமையில் செல்லும் என்பதைச் சோதனை முடிவு தெரியாமலே கணித்துச் சொல்ல வேண்டும். விடைகள் ஒன்றுக்கொன்று வெகுவாக விலகின. துண்டுகளும் எல்லாம் ஒரே வழியில் உடையவில்லை. துளை கடைந்த இடத்தில் இருந்த மிகச் சிறு பிசகு, விரிசலின் பாதையையே மாற்றப் போதுமானதாக இருந்தது. 2014இல் நடந்த இரண்டாம் தேர்வில் டைட்டானியக் கலப்புலோகம் எடுத்துக்கொள்ளப்பட்டு, மெதுவாகவும் வேகமாகவும் இழுத்த இரண்டு நிலைகளுக்கும் கணிப்பு கேட்கப்பட்டது. முதல் தேர்வில் இல்லாமல் குறையாகத் தெரிந்த சறுக்குத் தகைவுச் சோதனைத் தரவும் இம்முறை குழுக்களுக்குச் சேர்த்தே வழங்கப்பட்டது.