பணியிடங்களில் புகைபிடிக்கத் தடை: பொறுப்பு யாருக்கு? சட்டம் சொல்வது என்ன?

புதுடெல்லி: அலுவலகம், தொழிற்கூடம், உணவகம், திரையரங்கு உள்ளிட்ட பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடை செய்யும் விதிகள் 2008ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி முதல் நாடு முழுவதும் நடைமுறையில் உள்ளன. ஆயினும், அதன் பிறகு மேற்கொள்ளப்பட்ட இரண்டு தேசிய ஆய்வுகளின் முடிவுகளை ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு முரண் புலப்படுகிறது.

15 வயதுக்கு மேற்பட்டோரிடம் மத்திய சுகாதார அமைச்சகம் நடத்திய உலகளாவிய வயதுவந்தோர் புகையிலை ஆய்வின்படி, வீட்டில் பிறர் விடும் புகையைச் சுவாசிக்க நேர்ந்தவர்கள் 2009-10இல் 52.3 சதவீதமாக இருந்தனர். 2016-17இல் இது 38.7 சதவீதமாகக் குறைந்தது. அதே காலத்தில், கட்டடங்களுக்குள் பணிபுரிவோரில் பணியிடத்தில் புகையைச் சுவாசிக்க நேர்ந்தவர்களின் விகிதம் 29.9லிருந்து 30.2 சதவீதமாக ஆனது. அதாவது, ஏறக்குறைய அப்படியே இருந்தது.

வீட்டுக்குள் புகைபிடிப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அங்கு நிலைமை மேம்பட்டது. பணியிடத்தைச் சட்டம் தெளிவாகவே தடை செய்துள்ளது. அங்கு மாற்றம் இல்லை. இத்தனைக்கும், இதே காலத்தில் நாட்டில் புகைபிடிப்போரின் விகிதம் 14 சதவீதத்திலிருந்து 10.7 சதவீதமாகக் குறைந்திருந்தது.

நீதிமன்றத்தில் தொடங்கிய பயணம்

பொது இடத்தில் புகைபிடிப்பது சட்டவிரோதம் என்று கேரள உயர் நீதிமன்றம் 1999ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் தேதி தீர்ப்பளித்தது. பிறர் விடும் புகையைச் சுவாசிக்கும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்துவது, அரசமைப்பின் 21ஆவது பிரிவு வழங்கும் உயிர் வாழும் உரிமையை மீறுவதாகும் என்பதே அத்தீர்ப்பின் அடிப்படை. முரளி தேவ்ரா தொடர்ந்த வழக்கில் 2001 நவம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு, மருத்துவமனை, கல்வி நிலையம், நூலகம், நீதிமன்றம், அரசு அலுவலகம், பொதுப் போக்குவரத்து ஆகியவற்றில் தடையை நாடு முழுமைக்கும் விரிவுபடுத்தியது. 2003இல் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம் (கோட்பா) நிறைவேற்றப்பட்டது. தனியார் பணியிடங்களை ஐயத்திற்கு இடமின்றி இந்த வரம்புக்குள் கொண்டுவந்தவை 2008ஆம் ஆண்டு விதிகளே.

நிர்வாகமே பொறுப்பு

இந்த விதிகளில் பலரும் அறியாத பகுதி ஒன்று உண்டு. புகைபிடிப்பவருக்கு அபராதம் விதிப்பதோடு சட்டம் நின்றுவிடவில்லை. அந்த இடத்தின் உரிமையாளர், மேலாளர், கண்காணிப்பாளர் அல்லது பொறுப்பாளர்தான் அங்கு எவரும் புகைபிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நுழைவாயிலிலும் கட்டடத்தின் உட்புறத்திலும், 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் கொண்ட எச்சரிக்கைப் பலகை வைக்கப்பட வேண்டும். விதிமீறல் குறித்து யாரிடம் புகார் அளிக்கலாம் என்ற விவரமும் அதில் இடம்பெற வேண்டும். சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர் போன்றவற்றை வைத்திருக்கக் கூடாது. புகார் வந்தும் பொறுப்பாளர் நடவடிக்கை எடுக்கத் தவறினால், நடந்த விதிமீறல்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப அவரே அபராதம் செலுத்த நேரிடும்.

அபராதம் வசூலிக்கும் அதிகாரமும் காவல்துறைக்கு மட்டும் உரியதன்று. ரயில் நிலையத்தில் நிலைய அதிகாரி, அஞ்சலகத்தில் அஞ்சல் அதிகாரி, பள்ளியில் தலைமை ஆசிரியர், தனியார் நிறுவனத்தில் மனிதவள அல்லது நிர்வாகத் துறைத் தலைவர் ஆகியோருக்கும் இந்த அதிகாரம் அளிக்கப்பட்டுள்ளது. சக ஊழியரிடமோ மேலதிகாரியிடமோ 200 ரூபாய் அபராதம் கேட்க எத்தனை மனிதவள அதிகாரிகள் முன்வருவார்கள் என்பது வேறு விஷயம். சட்டம் தடுமாறும் இடமும் இதுவே எனலாம்.

30 அல்லது அதற்கு மேற்பட்ட அறைகள் கொண்ட விடுதிகள், 30 அல்லது அதற்கு மேற்பட்டோர் அமரக்கூடிய உணவகங்கள் மற்றும் விமான நிலையங்கள் தனியாகப் புகைபிடிக்கும் பகுதி அமைக்க விதிகள் அனுமதிக்கின்றன. சாதாரண அலுவலகங்களுக்கு இந்த விலக்கு இல்லை. பிறர் விடும் புகையில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்பது உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு.

சண்டிகர் முதல் காரிஃபேமா வரை

நாடு தழுவிய விதிகள் வருவதற்கு முன்பே, 2007 ஜூலை 15 அன்று சண்டிகர் புகையில்லா நகரமாக அறிவிக்கப்பட்டது. நகர நிர்வாகம் தானாக முன்வந்து செய்த ஏற்பாடு அல்ல இது. கோட்பா சட்டம் எவ்வாறு நடைமுறைப்படுத்தப்படுகிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தன்னார்வலர்கள் தொடர்ந்து கேள்வி எழுப்பினர். பதில் அளிக்க வேண்டிய கட்டாயம் அலுவலகங்களைச் செயல்பட வைத்தது.

ஹிமாச்சலப் பிரதேசம் 2013இல் புகையில்லா மாநிலமாக அறிவிக்கப்பட்டது. இத்தகைய அறிவிப்புகளுக்கு முன் கள ஆய்வு நடத்தப்படுவது வழக்கம். பலகை இருக்கிறதா, எவரேனும் புகைபிடிக்கின்றனரா, சாம்பல் கிண்ணம் அல்லது சிகரெட் துண்டுகள் கிடக்கின்றனவா என நேரில் பார்த்துப் பதிவு செய்வார்கள். கழிவறையிலும் மாடிப்படியிலும் கிடக்கும் துண்டுகள், பலகை சொல்லாததைச் சொல்லிவிடும்.

நாகாலாந்தின் கோஹிமா மாவட்டத்தில் உள்ள காரிஃபேமா கிராமம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. 2014ஆம் ஆண்டு உலகப் புகையிலை எதிர்ப்பு நாளில் அது நாட்டின் முதல் புகையிலையில்லா கிராமமாக அறிவிக்கப்பட்டது. அந்த முடிவில் கிராம சபை உள்ளிட்ட உள்ளூர் அமைப்புகளின் பங்கே முதன்மையானது.

உள்ளாட்சிகளின் கையில் உள்ள கருவி

கல்வி நிலையங்களைச் சுற்றி 100 கெஜ தூரத்திற்குள் புகையிலைப் பொருட்களை விற்கக் கூடாது என்று கோட்பா சட்டத்தின் 6ஆவது பிரிவு கூறுகிறது. ஆனால், கடைகளுக்கு உரிமம் வழங்குவதும் ரத்து செய்வதும் உள்ளாட்சி அமைப்புகளிடம் உள்ள அதிகாரம். இதைக் கருத்தில் கொண்டு, புகையிலை விற்பனைக்குத் தனி உரிம முறையைக் கொண்டுவருமாறு மத்திய சுகாதார அமைச்சகம் 2017இல் மாநிலங்களுக்கு ஆலோசனை வழங்கியது. அவ்வாறு உரிமம் பெறும் கடைகளில் மிட்டாய், பிஸ்கட், சிப்ஸ், குளிர்பானம் விற்கக் கூடாது என்பதும் அந்த ஆலோசனையில் அடங்கும். சிறுவர்களை அந்தக் கடைகளிலிருந்து விலக்கி வைப்பதே நோக்கம். பெட்டிக்கடைக்காரரின் வருமானத்தை நேரடியாகத் தொடும் விஷயம் என்பதால் சிறு வணிகர்கள் இதை எதிர்க்கின்றனர்.

அபராதத் தொகை குறித்த விவாதமும் தொடர்கிறது. அதை 2,000 ரூபாயாக உயர்த்தவும், புகையிலை வாங்கும் வயதை 21 ஆக்கவும், விடுதிகளிலும் விமான நிலையங்களிலும் உள்ள புகைபிடிக்கும் பகுதிகளை நீக்கவும் 2021 தொடக்கத்தில் மத்திய அரசு முன்வைத்த வரைவு சட்டவடிவம் பெறவில்லை. கர்நாடகம் 2024இல் தனித் திருத்தம் நிறைவேற்றி, வயது வரம்பை 21 ஆகவும் அபராதத்தை 1,000 ரூபாயாகவும் உயர்த்தியது.

புகைபிடிக்கும் ஊழியரைத் தண்டிப்பதோடு, அவர் அப்பழக்கத்தைக் கைவிட உதவுவதும் நிறுவனங்களால் இயலக்கூடியதே. அதற்கான வழிகாட்டுதலைப் பெற 1800-11-2356 என்ற தேசியக் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை அணுகலாம். புகையிலைப் பொட்டலங்களின் மீது இந்த எண் அச்சிடப்பட்டுள்ளது.