புளோரிடாவின் புயல், வெள்ளக் காப்பீடு

அமெரிக்காவின் கடற்கரை மாநிலமான புளோரிடாவில் ஒரு வீட்டைத் தாக்குவது ஒரே சூறாவளியானாலும், அதற்கு இரண்டு பாலிசிகள் வேண்டும். கூரை பறந்து அந்த வழியே மழை இறங்கினால் வீட்டுக் காப்பீடு பொறுப்பேற்கும். கடல் பொங்கி வாசல்வழி புகுந்தால் வெள்ளக் காப்பீடு மட்டுமே கைகொடுக்கும். ஒரே அறையில் நனைந்த உட்கூரை ஒரு கணக்கிலும், நனைந்த தரை வேறொரு கணக்கிலும் சேரும்.

வெள்ளம் அரசின் பொறுப்பானது

1927 மிசிசிப்பிப் பெருவெள்ளத்துக்குப் பின் தனியார் நிறுவனங்கள் வெள்ளக் காப்பீட்டைக் கைவிட்டன. வெள்ளம் வந்தால் ஓர் ஊரே மூழ்கும். பிரீமியம் கட்டிய அனைவருக்கும் ஒரே நாளில் இழப்பீடு தர வேண்டியிருக்கும். 1965இல் பெட்சி சூறாவளி புளோரிடாவையும் லூசியானாவையும் தாக்கியதை அடுத்து, 1968இல் கூட்டாட்சி அரசு தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. இதில் வீட்டுக் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், உடைமைகளுக்கு 1,00,000 டாலர் கிடைக்கும். அபாயப் பகுதிகளில் வங்கிக் கடனில் வாங்கும் வீடுகளுக்கு 1973ஆம் ஆண்டுச் சட்டம் இதைக் கட்டாயமாக்கியது.

ஆண்ட்ரூவும் அதன் பின்னும்

1992 ஆகஸ்ட் 24 அன்று ஆண்ட்ரூ சூறாவளி தெற்குப் புளோரிடாவைச் சூறையாடியது. காப்பீட்டு இழப்பு மட்டும் சுமார் 1,550 கோடி டாலர். 11 நிறுவனங்கள் நொடித்தன. அடுத்த ஆண்டே, காப்பீட்டு நிறுவனங்களுக்கு மறுகாப்பீடு தரும் பேரிடர் நிதியை மாநிலம் உருவாக்கியது. தனியார் ஏற்க மறுத்த வீடுகளுக்காக 2002இல் சிட்டிசன்ஸ் என்ற அரசுசார் நிறுவனம் பிறந்தது. அதன் கையிருப்பு தீர்ந்தால், மாநிலத்தின் மற்றப் பாலிசிதாரர்களிடமும், கார் காப்பீடு வைத்திருப்போரிடமும்கூட, கூடுதல் கட்டணம் வசூலிக்கச் சட்டம் இடமளிக்கிறது.

சூறாவளிச் சேதத்தில் முதல் பகுதியை உரிமையாளரே ஏற்க வேண்டும். 3,00,000 டாலருக்குக் காப்பீடு செய்த வீட்டில் இந்தப் பங்கு 2 விழுக்காடு என்றால், முதல் 6,000 டாலர் அவருடைய கைப்பணம். கூரையின் ஒரு மூலை மட்டும் பெயர்ந்த குடும்பத்துக்குப் பாலிசியிலிருந்து எதுவும் வராமலே போகலாம்.

இயான் தந்த பாடம்

2022 செப்டம்பர் 28 அன்று கரையேறிய இயான் சூறாவளி, கடலோரத்தோடு நிற்காமல் உள்நாட்டு ஆர்லாண்டோ சுற்றுவட்டாரத்தையும் வெள்ளக்காடாக்கியது. கடலிலிருந்து தொலைவில் இருக்கிறோம் என்று வெள்ளக் காப்பீடு எடுக்காதிருந்த பலர் அங்கே தவித்தனர். அவ்வாண்டு டிசம்பரில் வந்த சட்டம், சிட்டிசன்ஸ் பாலிசிதாரர்களில் பெரும்பாலோர் வெள்ளக் காப்பீடும் எடுக்க வேண்டும் எனப் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. பிரிந்து கிடந்த இரு காப்பீடுகளையும் இணைக்கும் இம்முயற்சி காலந்தாழ்ந்தது, ஆனால் சரியானது.

தேசியத் திட்டத்தின் புதிய பாலிசி பொதுவாக 30 நாள் கழித்தே நடைமுறைக்கு வரும். புயல் பருவம் ஜூன் 1 அன்று தொடங்குகிறது. ஆகவே வீட்டுக்காரர் முடிவெடுக்க வேண்டிய மாதம் ஏப்ரல்.